ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

1999-இல் ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் ஆறு குண்டு ரிவால்வர் ஒன்றால் இலக்கில் ஆறு முறை சுட்டு, காலிக் கூடுகளைக் கொட்டி, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு முறை சுட்டார். பன்னிரண்டு தோட்டாக்களுக்கும் சேர்த்து ஆன நேரம் 2.99 நொடி. அதே ஆண்டில் எட்டு குண்டு ரிவால்வரால் ஒரே நொடியில் எட்டுத் தோட்டாக்களை இலக்கில் இறக்கியவரும் அவரே. கேட்டவுடன் மலைக்க வைப்பது இரண்டாவது சாதனை. ஆனால், ரிவால்வர் போட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலாவதைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன்.

விரலின் வேகம் இந்த உலகத்துக்குப் பழையது. மொன்டானா மாநிலத்துக்காரரான எட் மெக்கிவர்ன் 1932-லேயே பதினைந்து அடி தூரத்திலிருந்து ஐந்து தோட்டாக்களை 0.45 நொடியில் சுட்டார். ஐந்து ஓட்டைகளையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். விசையை இழுக்கும் விரல் அப்போதே மனிதனால் முடிந்த எல்லையின் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அதற்குப் பின் ரிவால்வர் போட்டியில் நேர்ந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி ஆறாவது குண்டுக்கும் ஏழாவது குண்டுக்கும் நடுவே நடந்தது. அந்த இடைவெளியைச் சுற்றித்தான் இவர்களுடைய கருவி, இடுப்புப் பெல்ட், தோட்டா, விதிகள், பழக்கங்கள் எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன.

முதலில் களத்தைப் பார்ப்போம். 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பு உருவானது. ஓடிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் சுடும் போட்டிகள் அதன் வழியே உலகமெங்கும் பரவின. அதன் அமெரிக்கக் கிளை யுஎஸ்பிஎஸ்ஏ. இரண்டிலும் ரிவால்வருக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே களம் அமைப்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் பிஸ்டல். ரிவால்வரையே நேசித்தவர்கள் 1991-இல் ஐகோர் என்ற தனி அமைப்பைத் தொடங்கியதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஒவ்வொரு சுற்றையும் ‘ஸ்டேஜ்’ என்பார்கள். சுடுவதற்கு முன் போட்டியாளர்கள் வெறுங்கையோடு அந்த ஸ்டேஜுக்குள் நடந்து பார்க்கச் சில நிமிடம் கிடைக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: பெரியவர்கள் பத்துப் பேர் விரலை நீட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நடக்கிறார்கள். முணுமுணுப்பது எண்ணிக்கை. பிஸ்டல்காரருக்கு இந்தக் கணக்கு எளிது. நடுவில் ஓரிடத்தில் தோட்டாப் பெட்டியை மாற்றினால் போதும். ரிவால்வர்காரருக்கு ஒவ்வோர் அடியிலும் கணக்கு உண்டு.

ஒரு கதவுப் பக்கம் மூன்று அட்டை இலக்குகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு என்றால் ஆறு. ஆறு குண்டு ரிவால்வருக்கு அது மிகச் சரியான அளவு. ஆனால் ஒன்று தவறினாலும் அங்கேயே நின்று நிரப்ப வேண்டும். எட்டு குண்டு ரிவால்வருக்கு இரண்டு மிச்சம். அடுத்த சன்னலில் நான்கு இலக்குகள் என்றால் எட்டுக் குண்டு வேண்டும். எட்டுக்காரர் அப்படியே முடித்துவிடுவார், ஆறுக்காரர் பாதியில் நின்று நிரப்புவார். எனவே அனுபவசாலிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் ஓட்டத்திலேயே, தோட்டாக்கள் உட்காரும் உருளையில் இரண்டு குண்டு மிச்சமிருந்தாலும் கொட்டிவிட்டு, முழுதாக நிரப்பிக்கொள்கிறார்கள். கால் எப்படியும் ஓட வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் கை செய்யும் வேலைக்கு டைமரில் தனிச் செலவு இல்லை. நின்ற இடத்தில் நிரப்பினால் நல்ல போட்டியாளருக்கே இரண்டு நொடி போய்விடும்.

யுஎஸ்பிஎஸ்ஏ விதிப்படி ஓரிடத்தில் நின்று எட்டுக்கு மேல் குண்டு கேட்கும்படி ஸ்டேஜ் அமைக்கக் கூடாது. ஆனால் நீண்டகாலம் ரிவால்வர் பிரிவில் ஆறு குண்டுக்கு மேல் சுடாமல் நிரப்பியாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. எட்டு கேட்கும் இடத்தில் ஆறோடு நிற்பவரின் பாடு திண்டாட்டம்தான். 2014-இல் எட்டு குண்டுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் குறைந்த ஆற்றல் வகுப்பில் மட்டும். அந்த வகுப்பு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு எட்டு குண்டு ரிவால்வர்கள் அந்தப் பிரிவை ஆள ஆரம்பித்தன.

இனி அந்த நிரப்பும் வேலைக்கு உயிரான பொருளுக்கு வருவோம். பெயர் மூன் கிளிப். மெல்லிய எஃகுத் தகடு. பூ இதழ் போல ஓரத்தில் குழிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு தோட்டாவின் அடிப்பக்கம் கவ்விக்கொள்ளும். ஆறோ எட்டோ தோட்டாக்கள் ஒரே கொத்தாக உருளைக்குள் விழும். சுட்ட பின் ஒரே கொத்தாக வெளியே வரும்.

இதைப் பெற்றெடுத்தது ஒரு போர்க்காலப் பற்றாக்குறை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராணுவத்துக்கு வேண்டிய அளவு .45 பிஸ்டல்கள் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் ஆகிய இரு நிறுவனங்களும் அதே பிஸ்டல் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களைச் செய்து கொடுத்தன. சிக்கல் என்னவென்றால், ரிவால்வர் தோட்டாவின் அடியில் வெளியே துருத்திய விளிம்பு இருக்கும். உருளையின் நடுவில் உள்ள நட்சத்திரத் தகடு அந்த விளிம்பைப் பிடித்துத்தான் காலிக் கூடுகளை வெளியே தள்ளும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு இல்லை. தகடு பிடிக்க இடமில்லை. ஸ்மித் அண்ட் வெசன் கண்டுபிடித்த விடை, மூன்று தோட்டாக்களைக் கவ்வும் அரைவட்டத் தகடு. இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஆறு. பிற்காலத்தில் அது முழுவட்டமானது. விளிம்பில்லாத தோட்டாவின் குறையைச் சரிகட்ட வந்த தகடு, கடைசியில் வேகத்துக்கு வழி திறந்தது. மிக்குலெக்கின் 2.99 நொடிக்குப் பின்னால் இருந்ததும் .45 தோட்டாவும் முழு மூன் கிளிப்பும்தான்.

இந்தத் தகட்டின் குணத்தைப் புரிந்துகொண்டால் போட்டியாளர்களின் பாதிப் பழக்கம் புரிந்துவிடும். மெல்லிசு என்பதால் கீழே விழுந்து யாராவது மிதித்தால் வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் போதும், தோட்டாக்களின் அடிப்பக்கம் ரிவால்வரின் பின்சுவரில் உரசும், உருளை இறுகும், விசை பாறையாகும். ஆகவே போட்டிக்கு முந்தைய இரவு, நிரப்பிய ஒவ்வொரு கிளிப்பையும் வெறும் உருளையில் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். சற்றே தள்ளாடுவதைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். பயிற்சிக்கு ஒரு தொகுதி, போட்டிக்கு ஒரு தொகுதி என்று பிரிப்பவர்கள் உண்டு. காலிக் கூடுகளைக் கிளிப்பிலிருந்து கழற்றக் கையால் முறுக்கினால் தகடு வளையும் என்பதால் அதற்கென்றே குழாய் வடிவக் கருவி வைத்திருக்கிறார்கள். இடுப்பில் கிளிப்புகள் காந்தத்தாலோ சிறு தூணாலோ பிடிக்கப்பட்டு, ஒன்றை ஒன்று தொடாமல், விரல் நுழையும் இடைவெளியோடு வரிசையாக இருக்கும்.

ஐகோரின் ‘கிளாசிக்’ பிரிவில் மூன் கிளிப்புக்கு இடமில்லை. ஆறு குண்டு, ஸ்பீட் லோடர், அவ்வளவுதான். ஸ்பீட் லோடர் தோட்டாக்களைக் கொண்டுவந்து உருளைக்குள் விட்டுவிட்டு விலகிவிடும். சிலவற்றைத் திருக வேண்டும், சிலவற்றை அழுத்தினால் போதும். போட்டிக்கு வருகிறவர்கள் அழுத்துவதையே விரும்புவார்கள், ஏனென்றால் தோட்டாவை உள்ளே தள்ளும் அதே அசைவில் அது விடுபட்டுவிடும். என் கருத்தில் கைத்திறனை உண்மையாகச் சோதிப்பது இந்தப் பிரிவுதான்.

தோட்டாவின் நீளத்துக்கும் இதில் பங்குண்டு. .357 மேக்னம் கூடு சுமார் 33 மில்லிமீட்டர். பல ரிவால்வர்களில் வெளித்தள்ளும் கம்பி அந்த முழு நீளத்துக்கும் போகாது. ஒன்றிரண்டு கூடுகள் பாதியில் தொங்கும். அதே உருளையில் நுழையக்கூடிய பழைய .38 ஷார்ட் கோல்ட் கூடு 20 மில்லிமீட்டர்கூட இல்லை. தட்டியவுடன் துள்ளி வெளியே விழும். உள்ளே போகும்போதும் தூரம் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்து ஏறக்குறைய மறக்கப்பட்ட அந்தத் தோட்டாவை எட்டு குண்டுக்காரர்கள் மீட்டெடுத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். தோட்டாவின் மூக்கு உருண்டையாக இருக்க வேண்டும், உருளைத் துளைகளின் வாய் ஓரத்தைச் சற்றுச் சாய்வாகச் சீவ வேண்டும் என்பதெல்லாம் இதே கவலையின் நீட்சி.

விசைக்கு வருவோம். இந்தப் போட்டிகளில் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுடுபவர் அரிது. விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் உருளை சுழல வேண்டும், சுத்தி பின்னேறி விழ வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வரில் இதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவிசை தேவை. போட்டி ரிவால்வரில் வில்லை மாற்றி, உரசும் இடங்களை மெருகிட்டு, அதைப் பாதி வரைகூடக் குறைத்துவிடுகிறார்கள். விலை இல்லாமல் எதுவும் வராது: வில் தளர்ந்தால் சுத்தியின் அடி மெலியும், அடி மெலிந்தால் தோட்டாவின் அடியிலுள்ள ப்ரைமர் சில நேரம் வெடிக்காது. அதனால் மெல்லிய அடிக்கே வெடிக்கும் ஃபெடரல் ப்ரைமரைத் தேடி வாங்குகிறார்கள். ப்ரைமரைக் கூட்டுக்குள் அடிவரை அழுத்தி உட்கார வைக்கிறார்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால் சுத்தியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும். உருளை சுற்றுவதையும் அது தடுக்கும்.

ஆற்றல் வகுப்பைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஆற்றல் எண். 230 கிரெயின் குண்டு நொடிக்கு 720 அடி வேகத்தில் போனால் 165.6. யுஎஸ்பிஎஸ்ஏ-வில் 165-ஐத் தொட்டால் மேல் வகுப்பு. 125-ஐத் தொட்டால் கீழ் வகுப்பு. இலக்கின் நடுப்பகுதிக்கு இரண்டிலும் ஐந்து புள்ளிதான். விலகினால்தான் வேறுபாடு: அடுத்த பகுதியில் பட்டால் மேல் வகுப்புக்கு நான்கு, கீழ் வகுப்புக்கு மூன்று. கூடுதலாக இரண்டு குண்டு வேண்டுமா, விலகலுக்கு மன்னிப்பு வேண்டுமா என்பதே ரிவால்வர்காரர் செய்ய வேண்டிய தேர்வு.

மதிப்பெண் முறை ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடும். பன்னிரண்டு குண்டு ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 10 நொடியில் முடித்தார், எல்லாம் நடுப்பகுதி. இன்னொருவர் 8 நொடியில் முடித்தார், மூன்று குண்டு அடுத்த பகுதிக்கு விலகின. இருவரும் கீழ் வகுப்பு. யுஎஸ்பிஎஸ்ஏ முறையில் புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். முதலாமவருக்கு 60-ஐ 10-ஆல் வகுத்தால் 6. இரண்டாமவருக்கு 54-ஐ 8-ஆல் வகுத்தால் 6.75. வென்றவர் வேகக்காரர். ஐகோரில் நேரத்தோடு தண்டத்தைக் கூட்டுவார்கள்: அடுத்த பகுதிக்கு ஒரு நொடி, அதற்கடுத்ததற்கு இரண்டு, முழுதும் தவறினால் ஐந்து. முதலாமவருக்கு 10, இரண்டாமவருக்கு 8-உடன் 3 சேர்ந்து 11. வென்றவர் நிதானக்காரர். ரிவால்வரை நேசிப்பவர்கள் அமைத்த முறை குறிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதுகாப்பு விதிகளில் எந்தச் சமரசமும் இல்லை. களத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் சொல்லும்வரை யார் துப்பாக்கியிலும் தோட்டா இருக்காது. குழல்முனை பின்பக்கம் திரும்பினாலோ, சுட்டுக்கொண்டிராத நேரத்தில் தவறுதலாக வெடித்தாலோ, தோட்டா நிரம்பிய துப்பாக்கி கையிலிருந்து விழுந்தாலோ அன்றைய போட்டி அவருக்கு அத்தோடு முடிந்தது. நிரப்பும்போதும் ஓடும்போதும் விரல் விசைக்கு வெளியே இருப்பது எல்லாருக்கும் பொதுவானது. ரிவால்வருக்கே உரியவை இரண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள சிறு இடுக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் சூடான வாயு பீறிடும். பிஸ்டலில் பழகியவர் இடக்கைக் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடித்தால் விரல் கிழியும். இன்னொன்று, சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘பொக்’ என்று கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்தது போய் மோதினால் குழல் வெடிக்கக்கூடும். வேகத்தில் ஆறு குண்டுகளைத் தொடர்ந்து சுடுகிறவர் நடுவில் நிறுத்தப் பழகுவது கடினம். ஆனாலும் பழகியே ஆக வேண்டும்.

கூடுகளைக் கொட்டும்போது குழல்முனையை மேல்நோக்கிச் சாய்ப்பது வெறும் பாணி இல்லை. எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று நட்சத்திரத் தகட்டின் அடியில் மாட்டினால் உருளை மூட மறுக்கும். மேல்நோக்கிச் சாய்த்து ஓங்கித் தட்டினால் கூடுகளோடு துணுக்குகளும் வெளியே போகும். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துத் தகட்டின் அடியைத் துடைப்பவர்களும், வெளித்தள்ளும் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று விரலால் முறுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. வீட்டில், உண்மைத் தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், மருந்தும் ப்ரைமரும் இல்லாத பொம்மைத் தோட்டாக்களை வைத்துக்கொண்டு நூறு முறை திறந்து, தட்டி, நிரப்பி, மூடுகிறார்கள். வலக்கைக்காரர்களில் சிலர் ரிவால்வரை வலக்கையிலேயே வைத்துக்கொண்டு இடக்கையால் நிரப்புவார்கள். சிலர் இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, திறமை கூடிய வலக்கையால் நிரப்புவார்கள். இரண்டு வழியிலும் பரிசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மாறாமல் பழகுவதே முக்கியம்.

மிக்குலெக்கின் அந்தப் பன்னிரண்டு குண்டுக் காணொளி எப்போதாவது கண்ணில் பட்டால், ஓட்டத்தை மெதுவாக்கிக்கொள்ளுங்கள். இலக்கைப் பார்க்க வேண்டாம். ஆறாவது சத்தம் முடிந்ததிலிருந்து ஏழாவது சத்தம் வரும்வரை அவர் கைகளை மட்டும் பாருங்கள்.