கூரையின் மேல் ஒரு கண்

பிறருக்கு நன்மை செய்யப் புறப்பட்டவன், அவர்களைக் கேட்காமலே அவர்கள் வீட்டை ஆராயலாமா? திருட வருகிறவனைப் பற்றி இந்தக் கேள்வி எழுவதில்லை. நல்லவனைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

குளிர் நாடுகளில் கணப்பு இல்லாமல் மாரிக்காலத்தைக் கழிக்க முடியாது. ஆனால் பழைய வீடுகளில் கூரை வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் உஷ்ணம் வெளியே ஓடிவிடுகிறது. காசும் போகிறது, எரிபொருளின் புகையும் வானத்தில் சேர்கிறது. உலகம் செலவிடும் எரிசக்தியில் ஏறக்குறைய 30 சதவிகிதம் கட்டடங்களுக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. எந்தச் சுவர் உஷ்ணத்தைக் கசியவிடுகிறது என்று தெரிந்தால் அதைச் செப்பனிடலாம். இதற்காக, உஷ்ணத்தைப் படம் பிடிக்கும் காமிராவை டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானத்தில் பொருத்தி, விடிவதற்கு முன் வீடுகளுக்கு மேலே பறக்கவிடுகிறார்கள். வெயில் பட்ட சுவர் பொய் சொல்லும்; ஆகவே இருள் வேண்டும். ஒன்றோடொன்று படியும்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணிப்பொறி இணைத்து, வீட்டின் உருவத்தை அப்படியே எழுப்பிக் காட்டுகிறது. பிறகு, இந்த வீடு ஆண்டுக்கு இவ்வளவு எரிசக்தியைத் தின்னும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். அந்தக் காமிரா வீட்டுக்குள்ளே பார்ப்பதில்லை. ஜன்னல் கண்ணாடிகூட அதற்குக் கற்சுவர் மாதிரிதான். வெளிப்புறத்தின் உஷ்ணம் மட்டுமே அதற்குத் தெரியும். இதே வாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டிலும் எழுந்தது. 1992 ஜனவரியில், ஆரிகன் மாநிலத்தில், ஓர் இரவு சர்க்கார் ஆட்கள் தெருவில் நின்ற காரிலிருந்தபடியே இத்தகைய கருவியால் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். கூரையின் ஒரு பகுதி சூடாக இருந்தது. உள்ளே பலமான விளக்குகளின் கீழ் கஞ்சாச் செடிகள் வளர்ந்துகொண்டிருந்தன. வாரண்டு இல்லாமல் அப்படிப் பார்த்தது வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டதற்குச் சமம் என்று 2001-ல் தீர்ப்பாயிற்று. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம்; நால்வர் மறுபக்கம். வெளியே வந்துவிட்ட உஷ்ணம் ஊருக்குப் பொது என்றும், எந்தக் கூரையில் பனி முதலில் உருகுகிறது என்பதை அண்டை வீட்டாரே பார்க்கிறார்கள் என்றும் நால்வர் சொன்னார்கள். வீட்டம்மாள் இரவில் எந்த நேரத்தில் குளிக்கிறாள் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடலாமே என்றார்கள் ஐவர்.

நான் ஐவரின் பக்கம். வெளியே வந்ததெல்லாம் பொது என்றால், கதவிடுக்கில் கசியும் அழுகைக் குரலும் பொதுவாகிவிடும் அல்லவா?

ஆனால் அங்கே வந்தது குற்றத்தைத் தேடிய போலீஸ்; இங்கே வருவது செலவைக் குறைக்க வந்த எஞ்சினீயர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. போலீஸ் அளவுக்கு மீறிப் பார்த்தது என்பது அங்கே குறை. எஞ்சினீயரின் காமிராவோ போதிய அளவு பார்ப்பதில்லை.

கூரை குளிர்ந்து காணப்பட்டால், உஷ்ணத்தை வீணாக்காத நல்ல வீடு என்று படம் சொல்லும். உள்ளே கணப்பே எரியாமல் இருந்தாலும் அது அதையேதான் சொல்லும். பில்லுக்குப் பயந்து, இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு ஒரு கிழவி அங்கே உட்கார்ந்திருக்கலாம். வசதியுள்ளவனின் முன்யோசனைக்கும் இல்லாதவளின் நடுக்கத்துக்கும் படத்தில் ஒரே நீலநிறம்!

இது கதாசிரியனின் கற்பனையன்று. ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் கணக்கைப் பார்த்து, இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏட்டுக் கணக்கு சொன்னதைவிட மக்கள் உண்மையில் செலவிட்டது சராசரியாக 30 சதவிகிதம் குறைவு. வீடு எவ்வளவுக்கு மோசமோ, அவ்வளவுக்கு வித்தியாசமும் அதிகம். சிக்கனமோ, வறுமையோ, பழக்கமோ, அந்த வித்தியாசத்தின் காரணம் கூரையில் எழுதியிருப்பதில்லை. நல்ல எஞ்சினீயர்கள் இதை அறிவார்கள். உள்ளே எத்தனை டிகிரி என்று தெரியாமல் அவர்கள் படத்தை நம்புவதில்லை. ஆனால் உதவிப் பணத்தைப் பங்கிடும் அதிகாரியின் மேஜைக்குப் போவது படம் மட்டும்தான் என்றால், நடுங்குகிறவளின் பெயர் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும்.

பொற்கைப் பாண்டியன் கதையை நாம் கேட்டிருக்கிறோம். கணவன் வெளியூர் போயிருந்த ஒரு வீட்டைக் காப்பதற்காகவே அவன் இரவில் வலம் வந்தான். உள்ளே ஆண்குரல் கேட்டதும் சந்தேகித்துக் கதவைத் தட்டினான். பேசியவன் திரும்பி வந்துவிட்ட கணவனே! தெருவிலிருந்து கேட்ட குரல் நல்ல அரசனையும் ஏமாற்றிவிட்டது. அந்தப் பிழைக்கு அவன் தன் கையையே கொடுத்தான். இன்று வானத்திலிருந்து பார்த்துத் தவறாகத் தீர்ப்புச் சொல்கிறவனின் கை போகப் போவதில்லை. நஷ்டம் உள்ளே இருப்பவளுக்கு.

கதை எழுதுகிறவர்களும் கூரையைப் பிரித்துப் பார்க்கிறவர்கள்தாம். ஆனால் நாங்கள் பார்ப்பது நாங்களே கட்டிய வீடு. அதில் குடியிருப்பவர்கள் எங்களோடு வழக்காட வரமாட்டார்கள். உண்மையான வீட்டுக்கு வாசல் என்று ஒன்று இருக்கிறது. டிரோன் பறக்கட்டும், அதன் கணக்கால் நன்மை உண்டு. பறப்பதற்கு முன்னால் ஒருவர் கதவைத் தட்டி, “பார்க்கலாமா?” என்று கேட்கட்டும். பறந்த பின்பு மறுபடி ஒருவர் வந்து, “உள்ளே குளிர்கிறதா அம்மா?” என்று கேட்கட்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரையில், அந்த வீட்டைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.