கதையில் வரும் ஏழை

ஏழைகளைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதையில் ஒருவன் பட்டினி கிடக்கிறான். அதை எழுதியதற்குச் சன்மானம் எனக்கு வருகிறது. இது நியாயந்தானா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

பல வருஷங்களுக்கு முன், எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் ஒருவரை வைத்துக் கதை எழுதினேன். பசி, மழை, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, எல்லாம் இருந்தன. படித்த சிநேகிதர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகையை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகும் மகள் படித்துக் காட்டினாளாம். மறுநாள் குத்தூசியை நிறுத்தாமலே சொன்னார்:

"நல்லாத்தான் கீது சார். ஆனா எம் பொண்ணு, 'இதுல வர்றது யாருப்பா?'ன்னு கேக்குது."

கோபங்கூட இல்லை.

என் கதையில் அவர் ஒரு தரமாவது சிரித்தாரா? நிஜத்தில் அவர் அடிக்கிற கேலிக்குத் தெருவே நிற்கும். தோலைத் தடவிப் பார்த்து, இத்தனை மாசம் தாங்கும் என்று சொல்வதில் ஒரு கர்வம் இருக்கும். பார்த்தும் நான் எழுதவில்லை. எழுதினால் வாசகரின் கண்ணீர் வற்றிவிடும் என்று பயந்தேன் போலும்.

புதுமைப்பித்தன் அப்படிப் பயப்படவில்லை. 'பொன்னகரம்' அம்மாளு நம்மிடம் இரக்கம் கேட்டு நிற்பவள் அல்ல. அடிபட்டுக் கிடக்கும் புருஷன் பால் கஞ்சி கேட்கிறான், காசுக்கு ஒரு வழி கிடைக்கிறது, போகிறாள். குன்றிப்போவது, கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாம்தான்.

1936இல் மறைந்த பிரேம்சந்தின் கடைசிக் காலக் கதையான 'கஃபன்' இன்னும் கடுமை. குடிசைக்குள் மருமகள் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வெளியே மாமனாரும் புருஷனும் உருளைக்கிழங்கு தின்கிறார்கள். உள்ளே போனால் தன் பங்கையும் அப்பன் தின்றுவிடுவான் என்று மகனுக்குப் பயம். செத்தவளுக்குக் கோடித் துணி வாங்கத் தண்டிய பணத்தில் இருவரும் குடிக்கிறார்கள். ராப்பகலாய் உழைத்தவன் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டான் என்று நம்மைக் கேட்கவைக்கும் கதை அது. பெரிய கதை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தலித் விமரிசகர்கள் சிலர், சோம்பேறிகளைக் காட்ட சாமார் ஜாதிதானா கிடைத்தது என்று கேட்டார்கள். பிரேம்சந்த் அந்த ஜாதியில் பிறந்தவர் அல்லர். இலக்கியம் தெரியாத பேச்சு என்று முதலில் எரிச்சல் வந்தது எனக்கு. அந்தப் பெண்ணின் 'யாருப்பா?' நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், குடிசைக்குள் அலறுகிறவள் கதை முழுவதிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

என் கதையை எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை. திருத்தி எழுத இரண்டு தடவை உட்கார்ந்தும் ஓடவில்லை. சன்மானத்தைச் சொன்னேனே, அதில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன். வார் அறுந்தபோது அவரிடந்தான் போனேன். கேட்ட காசை மறுபேச்சில்லாமல் நீட்டினேன்.

"இன்னா சார், இன்னிக்கி பேரமே காணோம்?" என்று சிரித்தார்.