மாத்திரை உன் கையில் இருக்கிறது

“நான் சாதாரண டீச்சர், என்னால் என்ன செய்ய முடியும்?” என்கிறாயா தங்கையே? கென்யாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் புசியாவைப் பார்!

1998. அங்கே பத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு மேல் வயிற்றில் பூச்சி. வெறுங்காலோடு நடந்தால் போதும், கொக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். சோகை பிடித்த பிள்ளை பாடத்தில் எப்படி உட்காரும்? தூங்கி விழும். உடனே அதற்கு ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிடுவோம். இரத்தம் இல்லாத பிள்ளையை அறிவு இல்லாத பிள்ளை என்று சொல்லும் வாயைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

75 பள்ளிகளில் படிப்படியாகப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவது கால்வாசி குறைந்தது என்று பொருளியல் அறிஞர்கள் எட்வர்ட் மிகெலும் மைக்கேல் கிரேமரும் 2004-ல் எழுதினார்கள். மண்ணில் முட்டைகள் குறைந்ததால் மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் பலன் போய்ச் சேர்ந்ததாம். அந்தக் கணக்கை வைத்து அறிஞர்கள் பிறகு கடுமையாக மோதிக்கொண்டார்கள், மோதட்டும். இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 13 சதவீதம் உயர்ந்திருந்தது!

இன்னொன்றையும் மனத்தில் எழுதிக்கொள். புசியாவில் இலவசமாகத் தந்தபோது நாலில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். சிறு கட்டணம் கேட்டதும் ஐந்தில் ஒருவராகச் சுருங்கிப்போனது. ஏழையின் வாசலில் சில்லறைக் காசுகூட மதில்தான்.

உன் பள்ளியில் அந்த மதில் இல்லை. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை காசில்லாமல் வந்து சேர்கிறது. பிறகென்ன தயக்கம்? நிமிர்ந்து நில்! உன் கண் முன்னே மென்று விழுங்கச் சொல். யாருக்காவது வயிறு பிசையலாம், குமட்டலாம். பூச்சி அதிகமிருந்தால் அப்படித்தான், பதறாதே, பக்கத்தில் இரு. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு மட்டும் அன்று கொடுக்காதே. வருகைப் பதிவேட்டைத் திற. வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள். விடுபட்டவர்களுக்கென்று சில நாளில் இன்னொரு முகாம் உண்டு. அதற்கு முன் அந்த வீடுகளின் கதவைத் தட்டு. செருப்பில்லாத கால்கள் எத்தனை, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று பார்த்து, தலைமையாசிரியர் மேசைக்கு இன்றைக்கே எழுதிக்கொண்டு போ!