யாருடைய உண்மை?

கலசப்பாக்கமானாலும் சென்னையானாலும், புற்றுநோய் என்றதும் “அவரிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று உறவினர்கள் மருத்துவரைக் கேட்பது வழக்கம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறாரே என்பார்கள். அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அதை வசதியாக மறந்துவிடுகிறோம். சிகிச்சை முடிந்தவருக்குப் பல ஆண்டுகள் தொடர் பரிசோதனை வேண்டும். நோயின் பெயரே தெரியாத நெசவாளி, உடம்பு தேறியதும் தறிக்குத் திரும்பிவிடுவார். புதிதாக ஒரு கட்டி தென்பட்டாலும் பொருட்படுத்தமாட்டார். இந்த நன்மையில் குற்றம் இருக்கிறது.

உண்மை மனத்தை உடைத்துவிடாதா? நின்றபடி இரண்டே வாக்கியத்தில் சொன்னால் உடைக்கத்தான் செய்யும். கேட்க விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் அந்த முடிவு அவருடையது, மகனுடையதல்ல. அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய 1954இல் மீண்டவர்கள் குறைவு. மறைப்பதற்கு அன்று ஓரளவு நியாயம் இருந்தது. இன்று அது இல்லை.