விரதமும் வைத்தியமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஊவாவின் தோட்டங்களில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் தென்படத் தொடங்கும். ஆடி மாதத்தில் கதிர்காமக் கந்தனுக்கு நோன்பிருந்து காவி தரிப்போரும் பலர். கதிர்காமம் இதே மாகாணத்தில் அமைந்திருப்பது இம்மக்கள் பெற்ற பேறாகும். இந்த விரத நாட்களில் ஓர் அதிசயத்தைக் காணலாம். நாள் தவறாமல் தவறணைக்குப் போனவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. லயத்தில் இரவுச் சத்தம் அடங்குகிறது. சம்பளக் காசு அரிசியாகவும் கொப்பியாகவும் வீடு வந்து சேர்கிறது. பிள்ளைகள் பயமின்றிப் படிக்கின்றனர்.

ஆனால் மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புவோரும் உண்டு. "சாமியையே ஏமாற்றியவன்" என்று ஊர் அவரை ஏசுகிறது. அவரும் தம்மை அப்படியே எண்ணிக் கூசி, அந்தக் கூச்சத்தை மறக்க மேலும் குடிக்கிறார். அவருடைய பக்தி பொய்யா? மனவுறுதி இல்லாத குற்றவாளியா அவர்? அல்லது எல்லாம் தலைவிதி என்று விட்டுவிடுவதா?

குற்றம் என்று மட்டும் சொல்பவர் அவரைத் தண்டித்துத் தள்ளி வைக்கிறார். விதி என்று மட்டும் சொல்பவர் அனுதாபப்பட்டு விலகிப் போகிறார். இரண்டு வழியிலும் அந்த மனிதர் தனித்தே நிற்கிறார்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். அடுத்தது சூது. அதற்கடுத்த 95ஆம் அதிகாரம் மருந்து. மதுவைக் கடுமையாகக் கண்டித்த அதே புலவர், இரண்டு அதிகாரம் தள்ளி நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து சிகிச்சை செய்யச் சொல்கிறார். கண்டனத்தோடு நின்றுவிடாமல் மருந்து வரை நடந்து செல்ல வேண்டும் என்று இவ்வரிசையிலிருந்து பாடம் கற்பதில் தவறில்லை.

குடித்து மயங்கியிருப்பவனுக்குப் புத்தி சொல்வது, நீருக்குள் மூழ்கியவனை விளக்குக் கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும் என்றும் அவர் கூறுகிறார். அப்படியானால் புத்தி சொல்லத் தகுந்த காலம் எது? அவன் தெளிந்திருக்கும் காலமே. தோட்டத்தில் அந்தத் தெளிவு தானாக வந்து வாய்க்கும் நாட்கள் விரத நாட்களாகும். அந்த நாட்களைப் பூசையோடும் பஜனையோடும் மட்டும் கழித்துவிட்டு, மாலை கழற்றியபின் அவரைத் தனியே விட்டுவிடுவதே பெரிய தவறு.

மதுசாரத்துக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது. நெடுங்காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்த உடல் அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஏற்படலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலர் நிலை தடுமாறி, இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் கண்டு அலறுவர். இதைப் பேய் பிடித்தது என்றும், விரதத்தில் தீட்டுப்பட்டது என்றும் எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வோர் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளும், விற்றமின் பி1 ஊசியும் அங்கே உயிரைக் காக்கும். ஆகவே நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் மாலை போடத் தீர்மானித்தால், குருசாமியைக் காணுமுன் ஒரு வைத்தியரைக் காண்பது நல்லது. இதனால் விரதத்துக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.

உடல் தேறியபின் மனத்தின் முறை வருகிறது. மது மூடி வைத்திருந்ததெல்லாம் அப்போது மேலே வரும். அடைக்க முடியாத கடன், இறந்த பிள்ளையின் நினைவு, தகப்பன் அடித்த அடி, மண்சரிவில் இழந்த உறவு என ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அத்தகைய காட்சியைக் கண்டவர்களின் மனத்திலிருந்து அந்த மண்ணை யார் அகற்றினார்? உறக்கமில்லாத இரவுகளில் "ஒரு கிளாஸ் போட்டால் தூக்கம் வரும்" என்று தொடங்கியவரைக் குடிகாரன் என்று மட்டும் அழைப்பது பாதி உண்மையே.

குடியால் மனச்சோர்வு வருவதும் உண்டு, மனச்சோர்வால் குடி வருவதும் உண்டு. குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்குச் சோர்வு தானாகவே குறையும். குறையாதவருக்கு அதற்கெனத் தனிச் சிகிச்சை தேவை. "முதலில் குடியை விடு, பிறகு மனசைப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது ஆபத்தானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்குவதும் இந்தத் தனிமையில்தான்.

எனினும் மனநல வைத்தியரிடம் போகப் பலரும் தயங்குகின்றனர். அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே இந்நாட்டில் ஏளனச் சொல்லாக்கி விட்டார்கள். மேலும் மடுல்சீமை மலையிலிருந்து பதுளைக்கு வருவதென்றால் ஒரு நாள் பேரும் பஸ் காசும் போய்விடும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மனத்தில் உள்ளதை மகனையோ மகளையோ வைத்துச் சொல்ல வேண்டும். எந்தத் தகப்பன் தன் அழுகையைப் பிள்ளை வாயால் மொழிபெயர்ப்பான்? இவை உண்மையான தடைகள். இவற்றைப் பார்க்காமல் "அவனுக்கு மனமில்லை" என்பது நியாயமாகாது.

மருந்து அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் நான்கைச் சேர்த்துச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பராமரிப்பவர் என்ற நான்கும் கூடியதே மருத்துவம். இந்த நான்காமவர் யார் என்பதிலேயே ஊரின் கடமை அடங்கியிருக்கிறது.

சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார் இரவோடிரவாகத் தமக்கையாரிடம் வந்தபோது, "சைவத்தை விட்டுப் போனவன்தானே, இப்போது ஏன் வந்தாய்?" என்று திலகவதியார் கேட்கவில்லை. திருநீறு தந்து, திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். அவர் அன்று வாசலை அடைத்திருந்தால் திருநாவுக்கரசரைத் தமிழுலகம் பெற்றிருக்குமா?

நமது காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னையில் டி. டி. ரங்கநாதன் என்பவர் குடிநோயால் 1979இல் இளவயதில் காலமானார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் துயரத்தோடு முடங்கிவிடாமல், 1980இல் கணவர் பெயரிலேயே குடிநோயாளருக்கான சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினார். அங்கே மருந்தோடு உளவளத்துணையும் உண்டு. குடும்பத்தவருக்கும் சேர்த்தே வழிகாட்டப்படுகிறது. பின்னர் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தினார்கள். நோயாளி பட்டணத்துக்கு வர முடியாவிட்டால் சிகிச்சை கிராமத்துக்குப் போகலாம் என்பதை அது காட்டியது. 1992இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் இயக்கமோ, குடியை விட்ட ஒருவர் விட விரும்பும் இன்னொருவருக்குத் தோள் கொடுப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோய் என்பது அடிப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பராமரிப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மனைவி உதை வாங்க வேண்டியதில்லை. அவரைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நோய் வந்ததற்கு ஒருவரை மட்டும் பழிப்பது சரியல்ல. ஆனால் நோய் என்று அறிந்தபின் மருந்தைத் தேடுவது அவருடைய கடமை. தேடிப் புறப்பட்டவரைத் தடுக்காமலிருப்பது ஊரின் கடமை.

வழி தெரியவில்லை என்பாருக்கு வழிகள் உள்ளன. தோட்ட வைத்திய அதிகாரியிடமோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலோ முதலில் பேசலாம். அங்கிருந்து பதுளை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை அலுவலர்களை விசாரிக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம்.

கோயில் செய்யக்கூடியவையும் உண்டு. மாலை போட்டவர்களோடு விரத நாட்களிலேயே தமிழ் தெரிந்த ஒரு வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ பேசச் செய்யலாம். கிளினிக் நாளில் ஒருவர் கூடப் போகலாம். மாலை கழற்றிய பின்னரும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அவரை அழைத்து, மடைப்பள்ளியிலோ தேர் வேலையிலோ ஒரு பொறுப்புக் கொடுக்கலாம். திருவிழா முடிந்த இரவில் போத்தல் உடைப்பதை நிர்வாகத்தவரே முதலில் நிறுத்தலாம்.

இடையில் அவர் தவறி விழுந்தால்? சீனி வியாதிக்காரருக்கு ஒரு முறை சீனி கூடிவிட்டால் வைத்தியர் அவரை விரட்டுவதில்லை. மருந்தை மாற்றி, மறுபடி வரச் சொல்கிறார். விழுந்தவரைக் கோயில் வாசலும் அவ்வாறே வரவேற்க வேண்டும். 48 நாள் குடியாமல் இருந்தவர் தம்மால் இருக்க முடியும் என்பதை ஒரு முறை நிரூபித்துவிட்டார். நாற்பத்தொன்பதாம் நாள் அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது அடியார்களின் பொறுப்பு. அதற்கான மனத்தை எல்லோருக்கும் அம்பாள் அருள்வாளாக.