குறண்டியில் என்ன இருக்கிறது?

கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பார்க்க ஒரு நாள் சீட்டு 37 டாலர். சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தப் பெருங்கோயிலுக்கு அது தகும். நம்மவர்கள் போய்வருவதும் நல்லதே. ஆனால் காரியாபட்டி வட்டத்துக் குறண்டியில் ஒரு நாளைச் செலவிடலாம் என்றால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். அங்கே ஒரு காலத்தில் இருந்த சமணப் பள்ளியில் அண்ணாந்து பார்க்கும் கோபுரம் எதுவும் மிஞ்சவில்லை.

பழமையின் பெருமை உயரத்தில் மட்டும் இல்லை. மதுரை கீழக்குயில்குடியின் சமணர் மலையில், தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழே வட்டெழுத்து வரிகள் உள்ளன. வெண்பு நாட்டுக் குறண்டியின் துறவியர் மரபில் வந்த கனகவீரப் பெரியடிகள், குயிற்குடி ஊரார் பெயரால் அந்தச் சிற்பத்தைச் செய்வித்தார் என்கின்றன அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குறண்டியின் இந்த வானம் பார்த்த பூமியில் ஆசிரியரும் மாணாக்கருமாகக் கற்றார்கள். இங்கிருந்து போனவர் வேற்றூர் மக்களின் பெயரைக் கல்லில் நிறுத்தினார். எந்த மன்னனின் மாளிகையும் இதைவிடப் பெரிய செய்தி சொல்லிவிடாது. சாமானியருக்கு அந்த எழுத்து புரியாதே என்பார்கள். அங்கோரின் சமஸ்கிருத, கெமர் கல்வெட்டுகள் மட்டும் நமக்குப் புரிகின்றனவா? அங்கே வழிகாட்டி படித்துச் சொல்கிறார். இங்கே அந்த வேலையை நம் தமிழாசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் செய்யலாம். காரியாபட்டிப் பள்ளிப் பிள்ளைகளைச் சமணர் மலைக்கு அழைத்துப் போங்கள். குறண்டி என்ற பெயர் பாறையில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.