கொல்லாமையும் வாழவிடுதலும்

உயிர்களைக் கொல்லாதிருத்தல் ஒன்றே அறமாகுமா? அன்றி, அவை வாழ்தற்குரிய இடத்தை அழியாது காத்தலும் அவ்வறத்தின்பாற்படுமா? பட்டாம்பூச்சியையும் தேனீயையும் முன்வைத்து இவ்வினாவை நாம் சிந்தித்தல் நலம்.

வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி ஆகியவற்றை மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறிகளையுடைய நாலறிவுயிர்கள் என நம் ஆகமங்கள் வகுத்துள்ளன. தேனை விலக்குதல் நம் இல்லறத்தார்க்குரிய அடிப்படை ஒழுக்கமாகும். மலருக்கு ஊறு செய்யாது உண்ணும் வண்டினையே, துறவியர் உணவேற்கும் முறைக்கு நம் முன்னோர் உவமையாக்கினர்.

பூசணி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்கின்றன. தேனீ முதலிய சிற்றுயிர்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தாலன்றிக் காய் பிடிப்பதில்லை. உலகின் முதன்மையான உணவுப்பயிர் வகைகளுள் முக்காற்பங்கிற்கு மேற்பட்டவை ஓரளவேனும் இத்தகைய உயிர்களைச் சார்ந்துள்ளன என்று 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று அறிவித்தது. ஊன் விலக்கிக் காய்கனி உண்ணும் நாம், ஏனையோரினும் இவற்றிற்கு மிகுதியும் கடன்பட்டவர்கள் அல்லமோ?

பட்டாம்பூச்சியை விரும்பாதார் இலர்; அதன் புழுவை விரும்புவாரோ அரியர். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இலை தின்னும் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்கச் சொல்கிறோம். சில நாட்களில் சிறகு விரிக்கவேண்டிய உயிரே அது என்பதை மறந்துவிடுகிறோம். “தெளித்தவன் கூலியாள், நாம் அல்லோம்” என்று கூறி வினையினின்று நீங்க இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்குக் காரணமென்பது நம் கொள்கை.

உழவில் நம்மையறியாது நேரும் உயிர்க்கேடு வேறு. முற்றத்து இலை ஓட்டையின்றி விளங்கவேண்டுமென்று அறிந்தே கொல்லுதல் வேறு. பயிர்த்தொழிலில் மருந்தை முற்றும் கைவிட இயலாத நிலையினரும், பூக்கள் விரிந்து தேனீக்கள் வரும் காலை வேளையிலேனும் அதனைத் தவிர்க்கலாம். 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்களுக்குக் கேடு பயக்கும் மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைவிதித்தது. ஆங்குச் சட்டத்தால் செய்ததை ஈங்கு அறத்தால் செய்யலாகாதா?

இதற்கு ஊர் கூடிச் செய்யத்தக்கன சில உள. ஜினாலய நந்தவனத்தில் பூச்செடிகளை மட்டும் வளர்த்தல் போதாது. பூ தேனைத் தரும். முட்டையிடுதற்கோ ஒவ்வோர் இனமும் தனக்குரிய இலையையே நாடுகின்றது. கொன்றையும் அரளியும் வில்வமும் அத்தகையன. களையென்று நாம் வெட்டியெறியும் எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அத்தகையனவே. அவற்றை வேலியோரத்தில் விட்டுவைப்போம். மண்ணில் வளைதோண்டி வாழும் தனித்தேனீக்கள் பல உள. ஆதலின், திருச்சுற்று முழுதும் சிமெண்டுத் தளமிடாது, ஒரு மூலையையேனும் வெறுமண்ணாக விடுவோம். விளக்கை நாடிவரும் சிற்றுயிர் மடியுமென்றஞ்சி இரவுண்ணாமை போற்றும் நாம், விழா முடிந்த பின்னும் கோயிற்புறத்தே மின்விளக்குகளை விடியுமளவும் எரியவிடுதல் பொருந்துமா?

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வெட்டும் கையையும் தெளிக்கும் கையையும் சற்றே நிறுத்தும் மனமே வேண்டும். கொல்லாமை என்பது கையை அடக்குதல். வாழவிடுதல் என்பது இடத்தை ஈதல். இடம் பறிக்கப்பட்ட உயிர் எவர் கையாலும் கொல்லப்படாமலே மடிகின்றது. ஆதலின் வரும் மழைக்கால நோன்பின்போது, ஒவ்வோர் ஊராரும் ஒரு சிறு நிலத்தையேனும் இவ்வுயிர்களுக்கென ஒதுக்க உறுதி பூணுவோமாக.